நூறு வருஷக் கோயிலுக்கு விக்கிப்பீடியாவில் ஏன் பக்கம் இல்லை?

ஊர்க் கோயிலைப் பற்றியோ தமிழ்ப்பள்ளியைப் பற்றியோ ஒருவர் ஆர்வத்தோடு விக்கிப்பீடியாவில் பக்கம் தொடங்குகிறார். சில நாளில் அதன் தலைமாட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகிறது: இந்தத் தலைப்பின் குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. அப்புறம் பக்கமே காணாமல் போகிறது. மலேசியாவில் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆலய நிர்வாகத்தினர், பள்ளி வாரியத்தினர், எழுத்தாளர்கள் என்று பலருக்கும் இந்த மனக்குறை உண்டு. நூறு வருஷக் கோயிலுக்கு இடமில்லை, நேற்று வந்த பாடகருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோயிலின் வயதையும் பாடகரின் புகழையும் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அந்தப் பக்கம் எதை ஆதாரமாக வைத்து எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை எதற்கு?

அச்சில் வந்த கலைக்களஞ்சியங்களில் இந்தத் தகராறு எழவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. எந்தத் தலைப்பு வேண்டும், எது வேண்டாம் என்று பதிப்புக் குழு முடிவு செய்தது. துறை அறிந்தவர்கள் எழுதினார்கள். படித்தவர்கள் அந்தக் குழுவை நம்பினார்கள்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியிலும், அதன் தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரிலும் தொடங்கின. தமிழில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எழுதுபவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா என்று யாரும் கேட்பதில்லை. ஆளை வைத்து நம்ப வழியில்லாததால், ஒவ்வொரு தகவலுக்கும் காட்டப்படும் சான்றை வைத்துத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் மூன்று அடிப்படை விதிகள் வந்தன: எழுதியதை வேறொருவர் சரிபார்க்க முடிய வேண்டும், சொந்த ஆய்வை முதன்முதலாக அங்கே வெளியிடக் கூடாது, நடுநிலையாக எழுத வேண்டும். ஒரு தலைப்பை எடுத்தால் இந்த மூன்றையும் காப்பாற்றி ஒரு முழுக் கட்டுரை எழுத முடியுமா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனைக்குத்தான் குறிப்பிடத்தக்கமை என்று பெயர்.

ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பதிப்பு வகுத்த அளவுகோலைத்தான் மற்றவை பெரும்பாலும் தமக்கேற்ப எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அளவுகோல் இதுதான்:

1. விரிவான கவனிப்பு. ஒரு மூலம் அந்தத் தலைப்பைப் பற்றியே சில பத்திகளாவது பேசியிருக்க வேண்டும். திருவிழாச் செய்தியில் கோயில் பெயர் ஒரு வரியில் வந்துபோனால் போதாது.

2. நம்பகமான மூலம். வெளியாகும் முன் ஒருவர் சரிபார்த்துத் திருத்தும் வழக்கம் உள்ள வெளியீடு: நாளிதழ், ஆய்விதழ், பதிப்பகம் கொண்டுவந்த நூல். முகநூல் பதிவும் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் வரலாறும் இதில் சேராது.

3. சார்பின்மை. எழுதியவருக்கும் எழுதப்பட்டதற்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது. பள்ளி தன்னைப் பற்றி வெளியிட்ட மலர், எழுத்தாளர் தன் இணையதளத்தில் போட்ட வாழ்க்கைக்குறிப்பு, காசு கொடுத்து வாங்கிய சிறப்புப் பக்கம் எல்லாம் இங்கே விழுந்துவிடும்.

4. இரண்டாம் நிலை எழுத்து. பதிவேடு, கடிதம், நாட்குறிப்பு போன்றவை முதல் நிலை. அவற்றைப் படித்து அலசி வேறொருவர் எழுதுவது இரண்டாம் நிலை. கட்டுரையின் முதுகெலும்பு இரண்டாம் நிலை மூலமாக இருக்க வேண்டும்.

இவற்றில் மூலத்தின் மொழி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் எதில் இருந்தாலும் செல்லும். மூலம் இணையத்தில் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அச்சில் வந்து, ஒரு நூலகத்தில் போய்ப் பார்க்க முடிந்தாலே போதும். இந்த இரண்டும் பலருக்குத் தெரியாததாலேயே நல்ல பக்கங்கள் பல காப்பாற்றுவார் இல்லாமல் போகின்றன.

ஒரு கும்பாபிஷேக மலரைப் பிரித்துப் பார்த்தால்

நம்மவர்கள் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் கும்பாபிஷேக மலர் அல்லது பள்ளியின் ஆண்டு நிறைவு மலர். அது ஏன் ஏற்கப்படுவதில்லை என்று விளங்காமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. வழக்கமான ஒரு மலரின் பக்கங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் சில பக்கங்கள் வாழ்த்துச் செய்திகள்: அமைச்சர், டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்றவர், சட்டமன்ற உறுப்பினர், ஆலயத் தலைவர். கோயிலின் பெயரை மாற்றிவிட்டால் அதே வாழ்த்து வேறொரு கோயிலுக்கும் பொருந்தும். அடுத்து நகைக்கடை, புடவைக்கடை, கேட்டரிங் விளம்பரங்கள். பிறகு நன்கொடையாளர் பட்டியல், ரிங்கிட் கணக்கோடு. நடுவில் நான்கைந்து பக்கம் ‘ஆலய வரலாறு’. எழுதியவர் பெரும்பாலும் செயலாளர். இல்லையென்றால் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, பழைய கூட்டக் குறிப்புகளைப் பார்த்து எழுதியிருப்பார்.

அந்த நான்கைந்து பக்கத்தின் மதிப்பு பெரியது. கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் யார், முதலில் வேல் மட்டும் நட்டு வழிபட்டார்களா, கூரை எப்போது ஓடானது என்பதெல்லாம் வேறெங்கும் பதிவாகியிருக்காது. ஆனால் விக்கிப்பீடியாவின் கணக்கில் அது கோயில் தன்னைப் பற்றித் தானே சொன்னது. ஆகவே அதன் பயன் இரண்டாகப் பிரிகிறது. பக்கம் இருக்கலாமா என்ற கேள்விக்கு மலர் சான்றாகாது. வேறு மூலங்களால் பக்கம் நிலைத்துவிட்டால், குடமுழுக்கு நடந்த ஆண்டு, நிர்வாகத்தில் இருந்தவர்கள் போன்ற சர்ச்சையில்லாத தகவல்களுக்கு அதே மலரை மேற்கோள் காட்டலாம். “மலரை ஏற்கமாட்டார்கள்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு, “மலர் இருக்கிறதே” என்று அதை மட்டும் நம்புவதும் தவறு.

நாளிதழ்ச் செய்திகளை எண்ணுவதிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. மலேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா அனுப்பிய ஒரே செய்தியை மூன்று நாளிதழ்கள் வெளியிட்டால் அது ஒரு மூலம்தான். ஏற்பாட்டுக் குழு கொடுத்த அறிக்கை வார்த்தை மாறாமல் வந்திருந்தால் அது சார்பற்ற மூலமே ஆகாது. நிருபர் நேரில் போய், நாலு பேரிடம் கேட்டு எழுதிய அரைப்பக்கக் கட்டுரை ஒன்றுக்கு இருபது நிகழ்ச்சிச் செய்திகளைவிட எடை அதிகம்.

சில வகைகள், சுருக்கமாக

- அரசியல்வாதிகள்: நாடாளுமன்ற, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதல் அநேகமாக இடம் தந்துவிடுகிறது. மாநகர் மன்ற உறுப்பினருக்குத் தராது. மலேசியாவில் 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து அவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள் என்பதால், தேர்தலையொட்டி வரும் செய்திகளும் அவர்களுக்கு இல்லை.

- பட்டங்கள்: டத்தோ பட்டம் மட்டுமே ஒருவரைப் பக்கத்துக்கு உரியவராக்காது. அந்தப் பட்டம் கிடைக்கும் அளவுக்கு அவர் செய்ததைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும்.

- பள்ளிகள்: ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இடைநிலைப் பள்ளி என்றாலே பக்கம் நிற்கும் என்ற வழக்கம் இருந்தது. 2017இல் நடந்த பெரிய விவாதத்துக்குப் பிறகு அந்தத் தானியங்கிச் சலுகை போனது. தமிழ்ப்பள்ளிகள் தொடக்கப்பள்ளிகள் என்பதால் அங்கே எப்போதுமே கடினம். பக்கத்துப் பள்ளிக்குப் பக்கம் இருக்கிறதே என்பது வாதமாகாது. அது இன்னும் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம்.

- கோயில்கள்: கோலாலம்பூரில் 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகா மாரியம்மன் கோயிலுக்கும், பினாங்கின் ஜார்ஜ்டவுன் குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. வரலாற்றாசிரியர்களும் மரபுடைமை ஆய்வாளர்களும் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்ததால், அந்த எல்லைக்குள் இருக்கும் சின்னச் சின்ன இடங்களும் ஆய்வாளர் கண்ணில் படுகின்றன. எல்லைக்கு வெளியே, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் உட்புறத்தில் இருக்கும் அதே வயதுக் கோயிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தோட்டங்கள் விழும் ஓட்டை

இங்கேதான் இந்த அளவுகோல் நம்மை உண்மையாகவே காயப்படுத்துகிறது. ஊர்களுக்கு விதி தாராளமானது. மக்கள் வாழ்ந்த, சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட ஊர் என்றால் அநேகமாகப் பக்கம் நிற்கும். கம்போங் எனப்படும் மலாய்க் கிராமம் நிர்வாக அலகு என்பதால் தேறிவிடுகிறது. ரப்பர்த் தோட்டமோ தனியார் சொத்து. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கலாம்; கோயில், பள்ளி, கள்ளுக்கடை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, இடுகாடு எல்லாம் இருந்திருக்கலாம். ஆவணத்தில் அது ஒரு நிறுவனத்தின் நிலம். நிலச்சட்டம் எதை ஊர் என்று ஒப்புக்கொள்ளவில்லையோ அதைக் கலைக்களஞ்சியமும் ஊராகப் பார்ப்பதில்லை. வேண்டுமென்று யாரும் செய்த புறக்கணிப்பு இல்லை என்றாலும், விளைவு புறக்கணிப்புதான்.

கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் புத்ராஜெயாவை எடுத்துக்கொள்வோம். அரசின் நிர்வாகத் தலைநகரம். உலக மொழிகள் பலவற்றிலும் அதற்குப் பக்கம் உண்டு. அது எழுந்த நிலம் பெராங் பெசார் முதலிய தோட்டங்களுடையது. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் தொடங்கியது பெராங் பெசார் தோட்டம். இன்று அந்தத் தோட்டத்தைப் பற்றித் தனிக்கட்டுரை எழுத உட்கார்ந்தால் மூலம் கிடைக்குமா? கிடைக்கும், நிறையவே. ஆனால் எதைப் பற்றி என்று பார்க்க வேண்டும்.

கேரள ரப்பர் விவசாயிகளுக்கும் தெரிந்த பி.பி. 86, பி.பி. 260 ஆகிய மர வகைகளில் வரும் ‘பி.பி.’ பெராங் பெசாரைத்தான் குறிக்கிறது. அங்கே உருவான ஒட்டுரகங்களின் பால் விளைச்சல், நோய் எதிர்ப்பு, பட்டையின் தடிமன் பற்றி அறிவியல் இதழ்கள் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கின்றன. அந்த மரங்களைச் சீவியவர்கள் பக்கம் திரும்பினால், அவர்களைப் பற்றிய செய்திகள் திரளாகத் தொடங்குவது நகரம் கட்ட அவர்களை வெளியேற்றிய பிறகுதான். டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியமர்த்தப்பட்டு, வாக்களித்த வீடுகளுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியபோது நிருபர்கள் வந்தார்கள். மரத்துக்கு ஆய்வு இருக்கிறது, நிறுவனத்துக்குக் கணக்கறிக்கை இருக்கிறது. லயத்தில் வாழ்ந்தவருக்கோ, வீட்டை இழந்தால்தான் சான்று பிறக்கிறது.

ஆய்வாளர்களே தோட்டத்துக்கு வந்து தங்கி எழுதிய நூல்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மானிடவியல் ஆய்வுகளில் இடத்தின் உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயர் இடும் வழக்கம் உண்டு. அங்கே வாழ்பவர்களைக் காப்பதற்கான நல்ல வழக்கம் அது. அதன் பக்கவிளைவாக, ஒரு தோட்டத்தைப் பற்றி முன்னூறு பக்க நூல் இருந்தும், உண்மைப் பெயரில் ஒரு பத்திக்கான சான்று இல்லாமல் போகலாம்.

அளவுகோல் யார் பின்னால் போகிறது?

விக்கிப்பீடியா தானாக யாரையும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே எழுதியவர்களைப் பின்தொடர்கிறது. எழுதியவர்கள் எங்கே பார்க்கவில்லையோ அங்கே விக்கிப்பீடியாவும் பார்ப்பதில்லை. இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. கனடாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி எழுதி அனுப்பப்பட்ட ஒரு வரைவை, காட்டிய சான்றுகள் போதவில்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெறக் காரணமான ஆய்வை அவர் 1985இலேயே வெளியிட்டுவிட்டார். அவர் செய்தது மாறவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் ஒரே நாளில் மாறியது.

நம் மண்ணில் மலாயா கணபதியைப் பாருங்கள். மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றது. பல நாட்டு நாளிதழ்கள் எழுதின. அதனால் அவர் பக்கம் அசையாமல் நிற்கிறது. அவரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். தூக்குமேடைக்குப் போகாதவர்கள் என்பதால் பலருடைய பெயர் சங்கக் கூட்டக் குறிப்போடு நின்றுவிட்டது.

சரி, பெரியவர்கள் வாயால் சொல்வதையே சான்றாக ஏற்றுக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்வியை விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா சமூகத்தினரே எழுப்பி, 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழிகளில் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். எழுத்தில் வராத விளையாட்டு, சடங்கு போன்றவற்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே மேற்கோளாகக் காட்டினார்கள். சொந்த ஆய்வு என்ற எதிர்ப்பு எழுந்தது. பொது விதியாக அது இன்றுவரை ஏற்கப்படவில்லை. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே கோயிலின் தொடக்கத்தை இரண்டு குடும்பங்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, தன்னார்வத்தில் எழுதும் ஒரு தொகுப்பாளர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்? ஆனாலும் வாய்மொழியைத் தவிர வேறு எதுவும் இல்லாத சமூகத்தை அப்படியே விட்டுவிடுவதும் நடுநிலை ஆகாது என்பதே என் கருத்து.

பக்கம் இல்லாவிட்டால் என்ன?

முன்பு இதைக் கௌரவப் பிரச்சினை என்று தள்ளிவிடலாம். இப்போது முடியாது. தேடுபொறி காட்டும் தகவல் பெட்டி, செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிகள் கற்றுக்கொள்ளும் தரவு, மாணவர்கள் இடுபணிக்குத் தேடும் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் விக்கிப்பீடியா ஊற்றாக இருக்கிறது. அங்கே இல்லாத தோட்டத்தைப் பற்றி இயந்திரத்திடம் கேட்டால், ஒன்று அதற்குத் தெரியாது. அல்லது கற்பனையாக எதையாவது சொல்லும்.

எங்கே முயற்சியைப் போடுவது?

கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் மற்றத் தொகுப்பாளர்களோடு வாதாடுவதைவிட மூலத்தை உருவாக்குவதிலும் தேடுவதிலும் போட வேண்டும்.

1. பழைய இதழ்களைத் தேடுங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் ஞாயிறு பதிப்புகளில் வந்த ஊர்க் கட்டுரைகள் தேதியும் பக்க எண்ணும் இருந்தால் முழுமையான சான்று. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசும், பினாங்கு கெஜட் போன்ற பழைய ஆங்கில ஏடுகளும் உள்ளன.

2. ஆய்வேடுகளைப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் கோயில்களையும் தோட்டங்களையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேடு வலுவான சான்று. முதுகலை ஏட்டுக்கு எடை குறைவு. இளங்கலைப் பயிற்சி ஏடு தனியாக நிற்காது. ஆனால் அதன் அடிக்குறிப்புகள் வேறு மூலங்களுக்கு வழிகாட்டும்.

3. மலரை நூலாக்குங்கள். வரலாற்றுப் பகுதியை நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒரு வரலாற்று மாணவரிடம் கொடுத்து, சான்றுகளோடு எழுதச் சொல்லி, தனி நூலாக ஒரு பதிப்பகம் வழியே கொண்டுவாருங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய்தால் எவரும் போய்ப் பார்க்கும் இடத்தில் அது இருக்கும்.

4. தனிப்பக்கம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். ‘செபராங் பிறைத் தமிழ்ப்பள்ளிகள்’ போன்ற ஒரு தொகுப்புக் கட்டுரையில் இரண்டு பத்தி எழுதுவது எளிது. அங்கே தனித்தலைப்புக்கான கட்டாயம் இல்லை. சரிபார்க்கத்தக்க தகவலாக இருந்தால் போதும்.

5. மற்ற இடங்களையும் பயன்படுத்துங்கள். நீங்கள் எடுத்த படங்களை படங்களைச் சேமிக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றக் குறிப்பிடத்தக்கமை தேவையில்லை. 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி என்ற தனி இணையக் கலைக்களஞ்சியம் ஆசிரியர் குழுவின் பொறுப்பில் நடப்பது. அதன் தேர்வு முறையே வேறு.

நீக்கப்பட்ட பக்கம் அடியோடு அழிந்துவிடுவதில்லை. விக்கிப்பீடியாவின் நிர்வாகிகளால் அதைத் திறந்து பார்க்கவும் மீட்கவும் முடியும். புதிய மூலம் கிடைத்ததும் மீட்டுத் தரும்படி கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது கோயிலின் பெருமையையோ பள்ளியின் சாதனையையோ விவரிக்க வேண்டாம். இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் யார், உங்கள் தலைப்பைப் பற்றி அதில் எத்தனை பத்தி வந்திருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அதற்குத்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும்.